காஞ்சிரக்குன்றில் எல்லோரும் பேசிவிட்டார்கள்

காஞ்சிரக்குன்று ஊராட்சியின் வருத்தம் நியாயமானது. முழு எழுத்தறிவு ஊராட்சி என்ற பெயரை அது எப்போதோ வாங்கிவிட்டது. முழுக் கழிப்பறை, முழு மின்சாரம், முழு வங்கிக் கணக்கு, முழு யோகா என்று ஒவ்வொன்றாக வாங்கி, அலுவலகத்தின் முன்சுவரில் சலவைக்கல் பதிக்க இடமில்லாமல் பக்கச் சுவருக்கும் போயாகிவிட்டது. இந்த நிலையில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊராட்சி எல்லோருக்கும் ரத்தவகை பார்த்து முடித்து, திடீரென்று தன்னை முழு ரத்தவகை ஊராட்சியாக அறிவித்துக்கொண்டது. தலைவர் புருஷோத்தமனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவியே வெளியே சொன்னார். முழுமையாக்க இனி என்ன மிச்சம்? மனிதர்கள் பொதுவாகச் செய்கிற எல்லாவற்றையும் முழுமையாக்கியாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

"சாவு," என்றார் தலைவர், அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில். "நம்ம ஊர்ல எல்லாரும் சாகறாங்க. நூத்துக்கு நூறு. இதுல நமக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா யாராவது அதைப் பத்தி வாயத் தொறந்து பேசறாங்களா? கடைசிக் காலத்துல எனக்கு இது வேணும், இது வேணாம்னு வீட்ல சொல்றாங்களா? நூறு சதவீதம் நடக்கற ஒரு காரியத்துல பூஜ்யம் சதவீதம் விழிப்புணர்வு! இது ஊராட்சிக்கு அவமானம் இல்லியா?"

ஓணத்துக்கு முன்னால் மந்திரி வருவதாக இருந்தது. அதற்குள் ஊரில் ஒருவர் விடாமல் தங்கள் சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசி முடித்திருக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். தீர்மானத்தில் அவர்களுக்கு மறுப்பு இல்லை. சாவு எல்லாருக்கும் பொது என்னும்போது தங்கள் வார்டுகளை மட்டும் ஏன் கடைசியில் வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

பவித்திரன் அந்தக் கூட்டத்துக்குப் பழம்பொரியும் சாயாவும் கொண்டுபோயிருந்தான். ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரில் அவனுக்கு ஒரு பேக்கரி. தலைவர் பேசியதைக் கேட்டுத் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றுவிட்டான். அந்தப் பேச்சு அந்த அறையில் யாரையாவது தைத்தது என்றால் அவனை மட்டும்தான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வீட்டில் அவனைப் பெற்ற அச்சன் இருந்தார். பெயர் வேலாயுதன். காலமெல்லாம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நுரையீரல் கெட்டுப்போய், இப்போது முன்னறைக் கட்டிலில் ஜன்னலோரமாகச் சாய்ந்தபடியே கிடப்பவர். மூச்சு போனாலும் வாய் போகவில்லை. ஒரு வருடமாக அவர் மகனிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோனே, இங்க வா. எனக்கு முத்திப்போச்சுன்னா..."

"நல்ல வார்த்தை பேசுங்க அச்சா," என்று சொல்லிவிட்டுப் பவித்திரன் பேக்கரிக்குப் போய்விடுவான். அவசரம் இல்லாத நாளிலும் போய்விடுவான். போன பிறகு, போனதற்காக நாள் முழுக்க மனசு அறுத்துக்கொண்டே இருக்கும்.

அம்மா போனது தாலுகா ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள். வாயில் குழாய், கையில் கட்டு. கொண்டுபோய்ச் சேர்த்தது பவித்திரன்தான். அச்சன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒற்றை மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரட்டை மணி அடித்தால் போக வேண்டும். அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். வீட்டிலும் அப்படித்தான் நடத்தினார். ரேடியோ போதும் என்றால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்றால் இரண்டு தட்டு. பவித்திரனின் மனைவி அம்பிளி சமையலறையில் இருந்தே அதைக் கேட்டு நடந்துகொள்வாள்.

ஆகவே ஊராட்சியே இந்தக் காரியத்தை ஏற்றுக்கொண்டது என்றதும் பவித்திரனுக்குப் பெரிய பாரம் இறங்கியது. இனி அவன் அச்சன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. அதற்கென்று ஆட்கள் வருவார்கள். மறுநாளே போய் முதல் வீடாகத் தன் வீட்டைப் பதிந்துவிட்டு வந்தான்.

"உங்க அச்சன் கிட்ட பேச நீங்க ஊராட்சியைக் கூப்பிட்டீங்களா ஏட்டா?" என்று அம்பிளி கேட்டாள்.

"முறைப்படி நடக்கட்டும்னுதான்," என்றான்.

முறை வந்தது. வார்டு உறுப்பினர் லீலாம்மா நாலைந்து பேருடன் வந்தார். பேச்சு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் உயிர். வெளிப்படை என்றால் வீட்டுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் கூட இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பேசி முடித்ததும் குடும்பத்தோடு படம் எடுக்க வேண்டும். சாவு பயத்தைப் போக்குவதுதான் நோக்கம் என்பதால் படத்தில் எல்லோரும் சிரித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இந்தக் குழுவுக்குப் பயந்து கிணற்றடியில் ஒளிந்துகொண்டு, அங்கேயே வைத்துப் பேசவைக்கப்பட்டது.

"சொல்லுங்க வேலாயுதேட்டா. மனசு விட்டுச் சொல்லுங்க," என்றார் லீலாம்மா.

"பெருசா ஒண்ணும் வேணாம் லீலாம்மே. இந்தக் கட்டில் போதும். இந்த ஜன்னல் தொறந்திருக்கணும், பஸ் போற சத்தம் கேக்கணும்." அச்சன் நிறுத்தி மூச்சு வாங்கினார். "மூச்சு முட்டுச்சுன்னா நம்ம நர்சு ஜெஸ்ஸி ஜீப்புல வந்து அந்த மருந்தைக் குடுத்தா அடங்கிரும். நாக்குல ரெண்டு சொட்டுக் கள்ளு. இவன் பக்கத்துல இருக்கணும். கண்ணாடி ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவளைக் கொண்டுபோனது போதும். எறங்க வேண்டிய ஸ்டாப்பு வந்தா எறக்கி விட்டுருங்க. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போகாதீங்க."

பவித்திரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வருடமாகக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது இந்த நாலு வார்த்தைக்குப் பயந்தா? அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. படத்தில் அவன் சிரிக்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறை எடுத்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு ஏட்டா. லேசாத் திருத்தினா போதும்," என்றார் லீலாம்மா.

"என்ன திருத்தணும்?"

"கள்ளு வேணாம். நம்ம ஊராட்சி முழுப் போதை ஒழிப்பு ஊராட்சியும் கூட. இளநீர்னு போட்டுக்கலாம். பஸ் சத்தம்னா ஒலி மாசு. இயற்கையின் இசைன்னு இருக்கட்டும். அப்புறம், ஆஸ்பத்திரி வளர்ச்சிக் குழுவுக்கும் நம்ம தலைவர்தானே தலைவர்? அவர் தலைமையில நடக்கற விழாவுல ஆஸ்பத்திரி வேணாம்னு எப்படிச் சொல்றது? 'தேவைக்கேற்ற உயர்தரச் சிகிச்சை'ன்னு சொல்லிடலாம். மகன் பக்கத்துல இருக்கணும்னு சொன்னீங்களே, அது அருமை. 'குடும்பத்தாரும் மக்கள் பிரதிநிதிகளும்'னு சேர்த்துக்கறேன்."

அச்சன் அவர் பக்கம் திரும்பினார். "லீலாம்மே, இது யாரோட சாவு?"

"நம்ம எல்லாரோடதும்தான் ஏட்டா," என்றார் லீலாம்மா மனம் நெகிழ்ந்து.

அதன் பிறகு காஞ்சிரக்குன்று பேசியது. சாவைப் பேசியது, சாவைப் பாடியது. மகளிர் குழுவினர் கடைசி ஆசைகளை வைத்துப் பாட்டுக் கட்டி, வட்டமாகக் கைகொட்டித் திருவாதிரைக்களி ஆட்டம் ஆடினார்கள். படகுப் பாட்டான வஞ்சிப்பாட்டுப் போட்டியில் 'குழாய் வேண்டாம் தித்தெய்' என்ற பாட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. நாலாவது வார்டில் ஒருவர், முறை வருவதற்கு முந்தின நாள், யாரிடமும் எதுவும் பேசாமல் தூக்கத்திலேயே இறந்துபோனார். தலைவர் துக்க வீட்டுக்கு நேரில் போய்த் தன் மனவருத்தத்தைத் தெரிவித்தார்.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாம்," என்றார் இறந்தவரின் மகனிடம். "ஊரோட ஒத்துப்போறதுன்னு ஒண்ணு இருக்குல்ல? சரி, போகட்டும். கண்ணசைச்சுக் காட்டினார்னு சொல்லிடு. அதையும் பேச்சாவே எடுத்துக்கறோம்."

ஊரில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்கு ஊராட்சிக்கு ஒரு ஜீப்பும் ஒரு நர்சும் உண்டு. புண் கட்டுவது, வலிக்கு மருந்து தருவது, பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிவிடுவது எல்லாம் ஜெஸ்ஸிதான். பிரசாரம் சூடு பிடித்ததும் அந்த ஜீப்பின் மேல் ஒலிபெருக்கி ஏறியது. ஜெஸ்ஸி தலைவரிடம் போய் நின்றாள்.

"சார், ஜீப் இல்லாம நான் எப்படி வீடு வீடாப் போறது? ரெண்டு பேருக்கு வலி தாங்க முடியல."

"சிஸ்டரே, உணர்ச்சிவசப்படாம யோசிங்க," என்றார் தலைவர். "நீங்க ஜீப்ல போனா ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாப்பீங்க? விரல் விட்டு எண்ணிடலாம். மைக்கு போனா ஊர் பூரா கேக்கும். வலியில்லாத சாவு ஒவ்வொருத்தரோட உரிமைன்னு நாம சொல்லிட்டே இருக்கோம். அதை அவங்க காதுல போடறதுக்கு முன்னாடி நீங்க மருந்தைப் போட்டா என்ன பிரயோஜனம்?"

அச்சன் திட்டத்தின் முகமானார். கூட்டத்துக்குக் கூட்டம் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. "வண்டி ஏறி எவ்ளோ நாளாச்சுடா!" என்பார். மேடையில் லீலாம்மா எழுதிக் கொடுத்த இளநீரையும் இயற்கையின் இசையையும் வாசித்து முடிப்பார். கைதட்டுவார்கள், சால்வை போடுவார்கள். சால்வைகள் கட்டில் காலடியில் குவிந்தன.

"அம்பிளி, நான் போனா கோடித்துணி வாங்கிக் காசைக் கரியாக்காதே. இதையே ஒண்ணு மேல ஒண்ணாப் போத்தி அனுப்பு. போற எடத்துல நான் பெரிய பிரமுகர்னு நெனச்சுக்குவாங்க," என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவள் முதுகைத் தடவிவிட வேண்டி வரும்.

கூட்டம் முடிந்து வந்த ஒரு சாயங்காலம் அவர் பவித்திரனைக் கூப்பிட்டார்.

"மோனே, மேடையில சொன்னதை விடு. அன்னைக்கு நெஜமாச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அச்சா."

"எங்க, சொல்லு பாப்போம்."

பவித்திரனுக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. வாய்தான் வரவில்லை. "நல்ல வார்த்தை பேசுங்க அச்சா," என்றான். அச்சன் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மந்திரி வெள்ளிக்கிழமை வருவதென்று முடிவானது. புதன்கிழமை காலையில் அச்சனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இதற்கு முன் வந்த மாதிரி இல்லை. உள்ளே ஏதோ அறுபடுகிற சத்தம். உதடு நிறம் மாறிப்போயிருந்தது. அம்பிளி தலைமாட்டைத் தூக்கி வைத்து விசிறினாள். பவித்திரன் ஜெஸ்ஸிக்குப் போன் செய்தான்.

"ஐயோ பவித்திரேட்டா, நான் என்ன செய்வேன்!" அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "ஜீப்பை ஊர்வலத்துக்கு ரதமா ஜோடிச்சிட்டாங்க. அமைதியான சாவுன்னு மேல ஒருத்தனைச் சிரிச்ச மாதிரி படுக்க வச்சு ஒத்திகை நடக்குது. மருந்துப் பெட்டி அந்தப் பூவுக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்கு. எப்படியாவது எடுத்துட்டு பஸ் புடிச்சு வரேன். அதுவரைக்கும் ஜன்னலைத் தொறந்து வைங்க, கையப் புடிச்சுட்டு உக்காந்திருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. கேக்குதா? வேற ஒண்ணும் வேணாம்."

பவித்திரன் கட்டிலோரம் உட்கார்ந்தான். அச்சனின் கை சில்லிட்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனால் ஆகவில்லை. எழுந்து வாசலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். அப்போதுதான் ஆம்புலன்சோடு தலைவர் வந்து இறங்கினார். ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒரு மூச்சு முட்ட முடியுமா?

"பவித்திரா, நான் சொல்றதை நிதானமாக் கேளு," என்று அவன் தோளில் கை வைத்தார். "ஒரு மனுஷன் தன் இஷ்டப்படி, தன் வீட்ல, தன் நேரத்துல சாகறது அவனோட உரிமை. அந்த உரிமைக்காகத்தான் நான் சோறு தண்ணி இல்லாம அலையறேன். ஆனா வெள்ளிக்கிழமை மந்திரி வராரு. உங்கச்சன் திட்டத்தோட முகம். முகம் இல்லாம எப்படி விழா நடத்தறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் போதும். அதுக்கப்புறம் முழுக்க முழுக்க அவர் இஷ்டம். ஊராட்சி அதுல தலையிடாது."

"சார், அவர் வேணாம்னு..."

"வேணாம்னு எங்க சொன்னாரு? தேவைக்கேற்ற உயர்தரச் சிகிச்சைன்னு என் காது குளிரச் சொன்னாரே! அதுவும் எத்தனை மேடையில! அச்சனோட விருப்பத்தையே நீ மதிக்கலன்னா ஊர் மதிக்குமா? அப்புறம் இன்னொண்ணு. இவ்ளோ கிட்ட ஆஸ்பத்திரி இருந்தும் பேக்கரிக்காரன் அப்பனைக் கட்டில்லயே விட்டுட்டான்னு பேச்சு வந்தா, உன்னால தாங்க முடியுமா?"

உள்ளே அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பவித்திரன் ஆம்புலன்சின் திறந்த கதவைப் பார்த்தபடி, "கொண்டுபோங்க," என்றான். அச்சனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது என்பது அவனுக்கே தெரியும். ஆகவேதான் பார்க்கவில்லை.

"ஏட்டா, ஜெஸ்ஸி வரட்டும்," என்றாள் அம்பிளி.

"நீ மாத்துத் துணி எடுத்து வை," என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டான்.

தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குள் வைத்தார்கள். அச்சனால் பேச முடியவில்லை. கதவை மூடும்போது, அவருடைய கை ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கம்பியைத் தேடி, விரல் முட்டியால் தட்டியது. ஒரு தட்டு.

"என்ன சத்தம் அது?" என்று டிரைவர் திரும்பிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றான் பவித்திரன். "போங்க."

ஜெஸ்ஸி மருந்துப் பெட்டியோடு, தலைமுடியில் ரதத்துப் பூவோடு வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

கண்ணாடி அறையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவர் மட்டும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பார்க்கலாம். வியாழக்கிழமை பவித்திரன் போனான். குழாயைப் பிடுங்காமல் இருக்க அச்சனின் கைகளைத் துணியால் கட்டியிருந்தார்கள். இனி அவர் எதிலும் தட்ட முடியாது. "அச்சா," என்று கூப்பிட்டான். கண் திறந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவன் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து டாக்டரிடம், வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். குழாயை எடுக்க ஒரு குழு சொல்ல வேண்டும், அந்தக் குழு சொன்னதை இன்னொரு குழு சரிபார்க்க வேண்டும், இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை விழாவில் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விழா நாலு மணிக்கு. "அஞ்சு மணிக்குள்ள உன்னை அங்க அனுப்பி வைக்கறது என் பொறுப்பு," என்று தலைவர் சொல்லியிருந்தார். மந்திரி நாலரைக்கு வந்தார். குத்துவிளக்கு, வரவேற்பு, திருவாதிரைக்களி. வாழ்த்துரைக்கு ஒரு பெரிய வரிசை உட்கார்ந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் திரை கட்டி, அதில் ஆஸ்பத்திரியிலிருந்து அச்சனை நேரடியாகக் காட்டினார்கள். குழாயும் கட்டும் தெரியக் கூடாது என்று கழுத்துவரை ஊராட்சியின் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள்.

பவித்திரன் தலைவரின் காதோரம் குனிந்தான். "சார், மணி அஞ்சாகுது. நான் போறேன்."

"அச்சன் சார்பா விருது வாங்க வேண்டியவன் நீ. மந்திரி முன்னாடி காலி மேடையைக் காட்டச் சொல்றியா? இதோ, அடுத்தது நீதான்."

அவன் உட்கார்ந்தான். யாரும் அவன் கையைக் கட்டியிருக்கவில்லை.

மந்திரி எழுந்தார். "அதோ அந்த மனிதரைப் பாருங்கள்! எனக்கு இப்படித்தான் சாவு வேண்டும் என்று தலை நிமிர்ந்து சொன்னவர். இன்றைக்கு அவர் விரும்பியபடியே, அமைதியாக, உயர்தரச் சிகிச்சைக்கு நடுவே படுத்திருக்கிறார். இந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கே ஆசையாக இருக்கிறது!"

கைதட்டல் அடங்கவில்லை. பவித்திரன் மேடையேறிக் கண்ணாடிக் கேடயத்தைக் கையில் வாங்கி, படத்துக்காக நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். திரையில் யாரோ வேகமாக ஓடி வந்தார்கள். இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு பச்சைத் திரைச்சீலை குறுக்கே இழுக்கப்பட்டது. தலைவர் கையசைத்ததும் அங்கே ஊராட்சியின் சின்னம் வந்தது.

"நன்றியுரை இருக்கு," என்றார் தலைவர் அவன் முழங்கையைப் பிடித்தபடி. "யார் பேரையும் விட்டுடக் கூடாது. முடிஞ்சதும் போயிடலாம்."

நன்றியுரையில் மைக்செட்காரர் வரை யார் பெயரும் விடுபடவில்லை. காஞ்சிரக்குன்று நாட்டின் முதல் முழு மரணப் பேச்சு ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது.

அச்சனை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தது அம்பிளி. உறவுக்காரர்கள் கொண்டுவந்த கோடித்துணிக்கு மேல் அவள் அந்தச் சால்வைகளை ஒவ்வொன்றாகப் போர்த்தினாள். ஊராட்சி சார்பில் இன்னொன்று போர்த்தப்பட்டது.

பதினாறு கழிந்ததும் மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. தலைநகரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். பேசினால் மட்டும் போதுமா, பேசியபடி நடந்ததா என்று அவர் பார்க்க வேண்டும். திட்டக் காலத்தில் இறந்தவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து, நடந்தது என்று சொன்னார்கள். பவித்திரனின் முறை வந்தது. ஒரு வீட்டில் இல்லை என்றாலும் சலவைக்கல்லைப் பெயர்த்தெடுக்க வேண்டிவரும் என்று தலைவர் முன்கூட்டியே அவன் காதில் போட்டிருந்தார்.

"வேலாயுதனின் விருப்பம் நிறைவேறியதா?"

பவித்திரன் எழுந்து நின்றான். ஆம் என்று சொல்லத்தான் எழுந்தான்.

"இல்ல மேடம்," என்றான். "கண்ணாடி ரூம் வேணாம்னு சொன்னாரு. நான்தான் கொண்டுபோனேன். தலைவர் சொன்னதால இல்ல, ஊர் பேசும்னும் இல்ல. அவர் மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுட்டு எனக்குப் பக்கத்துல உக்கார முடியல. எனக்குப் பயம். ஒரு வருஷமா பேச வந்தவரைப் பேச விடல, அதுவும் பயம்தான். கடைசியில அஞ்சு மணிக்கு உள்ள போக வேண்டியவன், கேடயத்தைப் புடிச்சிட்டு மேடையில நின்னேன். என் அச்சன் தனியாப் போனாரு. யாராவது என்னை ஏதாவது சொல்லுங்க. ரெண்டு வார்த்தை திட்டுங்க."

தலைவர் வெளிறிப்போய்ச் சுவரைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான்," என்றார். "இதுதான் வெளிப்படையான பேச்சு! எத்தனையோ ஊராட்சி பார்த்துட்டேன், இப்படி ஒரு பேச்சை எங்கயும் கேட்டதில்ல. விருப்பம் நிறைவேறினதா இல்லையாங்கறது சின்ன விஷயம். இந்த மனுஷனைப் பேச வச்சதே ஊராட்சியோட சாதனை!"

கைதட்டல் வெடித்தது. தலைவர் ஓடிவந்து பவித்திரனைக் கட்டிக்கொண்டார். "இந்தப் பேச்சை மாவட்டம் பூரா கொண்டுபோறோம்! அச்சன் விட்ட எடத்துல மகன்!" என்றார். லீலாம்மா சால்வையோடு வந்தார். "அப்படியே சொல்லுங்க பவித்திரா. அந்தப் பயம்ங்கறதை மட்டும் 'தயக்கம்'னு மாத்திக்கலாம்."

திட்டு வாங்கப் போனவன் சால்வையோடு வீடு திரும்பினான். அம்பிளி அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அவன் முன்னறையைத் தாண்டி வரும்போது கட்டிலைப் பார்க்காமல் வந்தான். சமையலறை வாசலில் நின்றான்.

"அம்பிளி, எனக்கு ஒரு நாள் முத்திப்போச்சுன்னா..."

"நல்ல வார்த்தை பேசுங்க ஏட்டா," என்றாள் அவள், சட்டியிலிருந்து தலை தூக்காமல்.

"இதைத்தான் நானும் அச்சன்கிட்ட சொன்னேன்."

அவள் கரண்டி நின்றது. அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் அவனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க," என்றாள்.

மேடை மேடையாகக் கேட்ட வார்த்தை ஒன்றுகூட அப்போது அவனுக்கு உதவவில்லை. "இந்த வீடு போதும்," என்றான். "நீ பக்கத்துல இரு. அவ்ளோதான்."

அம்பிளி கிட்டே நகர்ந்து, "எனக்குப் பயமாப்போச்சுன்னா?" என்று கேட்டாள். "சத்தம் கேட்டு, பயந்து, நானும் ஆம்புலன்சைக் கூப்பிட்டுட்டா?"

இத்தனை கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பவித்திரன் குனிந்து சால்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பயம் வரும். பயந்து கூப்பிட்டுட்டாலும் பரவால்ல," என்றான். "ஆனா ஏத்தறப்ப நான் ஒரு தட்டுத் தட்டுவேன். கேக்கலன்னு மட்டும் சொல்லிடாதே அம்பிளி." அவன் சால்வையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "அன்னைக்கு எனக்குக் கேட்டுது."